கை போட்ட கட்டமும் கணினி போட்ட கட்டமும்

கட்டம்மா என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடம் கழித்து ஒட்டிக்கொண்ட பெயர். நாள் முழுக்கக் கணினித் திரையில் கட்டம் போடுகிற அம்மா, அதனால் கட்டம்மா. விளையாட்டாக ஆரம்பித்து வைத்தவர் சீவல். அதை நிஜப்பெயர் என்றே நம்பிய புது எழுத்தர் ஒருவர் அடையாள அட்டைப் பட்டியலில் அப்படியே தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார். அட்டை வந்ததும், மாற்றித் தரச் சொல்லலாம் என்று அதை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், பாதிப் படிக்கட்டில் மனசு மாறி, கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

சீவல் என்பதும் அப்படித்தான். எலித்தோலை மெழுகில் புதைத்து, கத்தி பொருத்திய சின்ன இயந்திரத்தில் சீவிச் சீவி எடுப்பது அவர் வேலை. தலைமுடியைப் பத்துப் பதினைந்தாகப் பிளந்தால் என்ன கனம் வருமோ அந்தக் கனத்தில் சீவுவார். மூச்சு பலமாக விட்டால் சீவல் பறந்துவிடும் என்று, வேலை நேரத்தில் அவர் யாரோடும் பேசமாட்டார். அந்தக் கடனையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் வட்டியோடு தீர்த்துவிடுவார்.

அவள் அங்கே வந்தது கண்ணாடிக் குடுவை கழுவ. ஒருத்தர் பிரசவ விடுப்பில் போயிருந்த ஆறு மாதத்துக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள்; கணினியைத் தூசி துடைக்கும்போது தொட்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் கழுவி வைத்த குடுவைகளை அளவுவாரியாக, கைப்பிடி எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி வைப்பாள். அதைப் பார்த்த மேடம், "இந்தக் கண்ணை வேற எதுக்காவது பயன்படுத்தலாமே" என்று சொல்லி, ஒரு மேசையும் கணினியும் கொடுத்துப் படம் எண்ண உட்கார வைத்தார். மேடம்தான் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி. அவளைவிட மூன்று வயது சின்னவர். அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் அவர் காலடிச் சத்தம் கேட்டாலே எல்லோரும் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படம் எண்ணுவது என்றால் இதுதான். அங்கே ஒரு களிம்பைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாத புண்ணை ஆற வைக்கிற களிம்பு. சில எலிகளின் புண்ணில் களிம்பு தடவுவார்கள், சிலவற்றுக்கு மருந்தில்லாத வெறும் மெழுகு. புண் ஆறுகிறது என்றால் அந்த இடத்தில் புதிதாக ரத்தக் குழாய்கள் முளைக்கும். தோலைச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் படம் பிடித்தால், குழாய்கள் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன வளையமாகத் தெரியும். மற்றதெல்லாம் வெளிறிய நீலம். ஒரு படத்தில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளில் மூன்று சதுரக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் எத்தனை வளையம் என்று எண்ணி எழுத வேண்டும்.

"எந்த இடத்துல போடணும் மேடம்?" என்று முதல் நாளே கேட்டாள்.

"நல்லா தெரியற இடமா பாத்துப் போடுங்க" என்றார் மேடம்.

நல்லா தெரியற இடம். நான்கு வருடம் அவள் அதைத்தான் செய்தாள். களிம்புக்கு மட்டும் அறுநூறு படங்கள், ஆயிரத்து எண்ணூறு கட்டங்கள்; மற்ற வேலைகளுக்குப் போட்டது தனி. முடிவும் அருமையாக வந்தது. களிம்பு தடவிய தோலில் கட்டத்துக்குச் சராசரி இருபத்துமூன்று குழாய், தடவாததில் பதினொன்று. இரண்டு மடங்குக்கும் மேல். மேடம் அந்தத் தாளைப் பார்த்தபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை என்று சீவல் சத்தியம் செய்வார்.

*

கை வலி முதலில் கட்டைவிரலில்தான் ஆரம்பித்தது. அப்புறம் மணிக்கட்டுக்கு வந்தது. ஒரு நாள் காலை குளியலறைத் தாழ்ப்பாளைத் திறக்க முடியாமல் உள்ளேயே நின்று, "ஏங்க, கொஞ்சம் வெளியிலேர்ந்து தள்ளுங்க" என்று கணவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். உள்ளே வந்து பார்த்தால் பழுது தாழ்ப்பாளில் இல்லை.

எலும்பு டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கட்டம் போடறேன்."

"துணி நெய்யற வேலையா?"

அவள் விளக்கினாள். டாக்டருக்குப் பாதி புரிந்தது போலிருந்தது. "ஆறு வாரம் இந்தக் கை ஒண்ணும் செய்யக் கூடாது" என்று பட்டை போட்ட கையுறை ஒன்றை மாட்டி அனுப்பினார்.

ஆறு வாரம் விடுப்பு எடுத்திருக்கலாம். மேடமும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? இடது கையால் போடலாம் என்று வந்துவிட்டாள். மவுஸை இடப்பக்கம் மாற்றி வைத்து முயன்றால், கை வேறு யாருடையதோ போலப் போயிற்று. மேலே இழுத்தால் கீழே போகும், ஒரு முறை அமுக்கினால் இரண்டு முறை அமுங்கும். சதுரம் போடப் போனால் வால் முளைத்த ஏதோ ஒன்று வரும். சீவல் எட்டிப் பார்த்துவிட்டு, "இது கட்டமா, எலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்படித் தடுமாறியதில்தான் மூன்றாம் நாள் தப்பான இடத்தில் அமுக்கிவிட்டாள். இதுவரை பார்த்தே இராத சின்ன ஜன்னல் ஒன்று திறந்தது. மூடத் தெரியாமல், அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். ஒரு கட்டம் போட்டாள். அந்த ஜன்னலில் ஒரு வரி தோன்றியது. இன்னொரு கட்டம் போட்டாள். இன்னொரு வரி. படத்தைப் பெரிதாக்கினாள், அதுவும் ஒரு வரி. யாரோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் செய்வதையெல்லாம் குறிப்பெடுப்பது போலிருந்தது.

வரிகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆனால் எழுத்துக் கூட்டிப் படித்தால் பொருள் பிடிபட்டது. செவ்வகம் போடு, இடமிருந்து இத்தனை, மேலிருந்து இத்தனை, அகலம் இத்தனை, உயரம் இத்தனை. அவள் அந்த எண்களில் ஒன்றை மாற்றிவிட்டு, ஜன்னலின் மூலையில் இருந்த ஓட்டு என்ற பொத்தானை அமுக்கினாள். திரையில் ஒரு கட்டம் வந்து உட்கார்ந்தது. கோணல் இல்லாமல், வால் இல்லாமல், கச்சிதமாக.

அவள் கை மேசைமேல் சும்மா கிடந்தது.

மேக்ரோ என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டது அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான். மென்பொருளோடு வந்த உதவிப் பக்கங்களைப் படிக்கும்போது அந்தச் சொல் வந்தது. நாம் ஒவ்வொன்றாகச் செய்கிற வேலையை வரிசையாக எழுதி வைத்துவிட்டால், கணினி அதைத் தானே திரும்பத் திரும்பச் செய்யும். அப்படி எழுதி வைப்பதற்குப் பெயர் மேக்ரோ. இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. வீட்டுக்கு யாராவது வந்தால் சமையலறையில் எது எங்கே என்று எழுதி வைத்துவிட்டுப் போகிற மாதிரிதானே.

*

இவ்வளவுதான் இல்லை என்று அடுத்த வாரமே தெரிந்தது.

அவள் எழுதிய முதல் மேக்ரோ நாற்பது படங்களைப் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தது. ஆசையாகத் திறந்து பார்த்தாள். நாற்பதிலும் மூன்று கட்டங்களும் அதே மேல் மூலையில் இருந்தன. பாதிப் படங்களில் அந்த மூலையில் தோலே இல்லை, வெறும் கண்ணாடி. கண்ணாடியில் ரத்தக் குழாய் பூஜ்யம் என்று மேக்ரோ சிரத்தையாக எழுதி வைத்திருந்தது. இன்னொரு படத்தில், தோல்சீவல் மடங்கி விழுந்து பழுப்பாகத் திரண்ட இடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு குழாய் என்று எண்ணியிருந்தது.

"நானூறா?" என்றார் சீவல். "அந்த எலி இன்னும் உயிரோட இருக்கணுமே."

"நீங்க ஒழுங்கா விரிச்சு வச்சிருந்தா இது ஏன் வருது அண்ணே?"

"சரி சரி, எலி மேலயே பழியைப் போட்டுருவோம்."

வரி முடிவில் அரைப்புள்ளி விட்டுப் போனால் மேக்ரோ நகராது. எங்கே விட்டுப் போனது என்றும் ஒழுங்காகச் சொல்லாது. வேறெங்கோ ஒரு வரியைக் காட்டிச் சண்டித்தனம் செய்யும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அச்சடித்துக் கொண்டுவந்த தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கணவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கை சரியாகும் வரை கத்தி அவர் பொறுப்பு.

"காலையிலேர்ந்து அதையே பாக்கறியே. என்னதான் பிரச்சினை?"

"ஒரு புள்ளி காணோம்."

"ஒரு புள்ளிக்கா அரை நாள்?"

"அரைப்புள்ளிக்கு."

அவர் சிரித்துவிட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அந்தக் கண்ணாடிக் கதையைச் சொன்னாள். எங்கே தோல் இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்காமல் சொன்ன இடத்தில் கட்டத்தை வைத்துவிடுகிறது. எனக்குக் கண் இருக்கிறது, அதற்கு இல்லையே, என்ன செய்ய என்றாள்.

"கண்ணு வேண்டாம்மா" என்றார் அவர். "லிஃப்டுக்கு என்ன கண்ணா இருக்கு? நீ பட்டனை அமுக்கினதும் அது கிளம்பிடாது. கதவு மூடியிருக்கான்னு முதல்ல கேக்கும். மூடியிருந்தாத்தான் போகும், இல்லேன்னா நிக்கும். அந்த ஒரு கேள்வியை வயர்ல போட்டு வச்சிருக்கோம், அவ்வளவுதான்."

"யாரைக் கேக்கும்?"

"கதவைத்தான். கதவுல ஒரு சுவிட்ச் இருக்கும்."

அவள் தாளைத் திருப்பிப் பேனாவை எடுத்தாள். தோல் நீலம், கண்ணாடி வெள்ளை. கட்டத்துக்குள் வெள்ளை எவ்வளவு என்று கேட்டால் போதும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளை இருந்தால், அந்தக் கட்டம் வேண்டாம், வேறு இடம் பார். தாளின் பின்பக்கம் அதை எழுதிக்கொண்டாள். நறுக்கி வைத்த காய் மறந்துபோய், அன்றைக்குச் சாப்பிட மூன்று மணியாகிவிட்டது.

இப்படியாக மேக்ரோ வளர்ந்தது. முதலில் தோல் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கும். அதற்குள் ஏதாவது மூன்று இடத்தைக் குலுக்கல் முறையில் எடுக்கும். மடிப்பு இருக்கிறதா என்று கேட்கும். பழுப்பை நீலத்திலிருந்து பிரிக்கும். ரொம்பச் சின்னது தூசி, ரொம்பப் பெரியது மடிப்பு என்று இரண்டையும் ஒதுக்கிவிட்டு நடுவில் இருப்பதை எண்ணும். எந்த இடத்தில் கட்டம் போட்டது என்று மஞ்சள் கோட்டில் குறித்து, படத்தின் பிரதி ஒன்றையும் சேமித்து வைக்கும். அவள் கையுறையைக் கழற்றியபோது அது நூற்றுப்பத்து வரி ஆகியிருந்தது.

மேடம் நின்றுகொண்டே முழுவதையும் ஓடவிட்டுப் பார்த்தார். "பழைய படங்கள்ல ஓட்டிப் பாருங்க. நீங்க எண்ணினதோட ஒத்துப்போச்சுன்னா இனிமே இதையே வச்சுக்கலாம். மாநாட்டுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. பேசும்போது இதையும் சேத்துச் சொல்லிடறேன்" என்றார். போகிற போக்கில் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் முறை.

*

ஒத்துப்போகவில்லை.

அறுநூறு படமும் ஓடி முடிய ஒரு பகல் ஆனது. சராசரி போட்டுப் பார்த்தாள். களிம்பு தடவியது பத்தொன்பது. தடவாதது பதினான்கு.

மேக்ரோவில்தான் கோளாறு என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. நான்கு வருடம் கண்ணால் பார்த்து எண்ணியது தப்பாகுமா? மூன்று நாள் ஒவ்வொரு வரியாகப் பிரித்து மேய்ந்தாள். எவ்வளவு பழுப்பாக இருந்தால் குழாய் என்கிற நிறத்தின் எல்லையைக் கொஞ்சம் ஏற்றினாள், இறக்கினாள். எண்ணிக்கை கூடியது, குறைந்தது. ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்தே கூடியது, சேர்ந்தே குறைந்தது. களிம்புப் பக்கம் மட்டும் ஏறி, வெறும் பக்கம் மட்டும் இறங்குகிற மாதிரி எதுவுமே இல்லை. மேக்ரோவுக்கு எது களிம்பு எது வெறும் மெழுகு என்றே தெரியாதே.

இந்த இடத்தில் அவள் கை நின்றது.

படங்களின் கோப்புப் பெயரைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் முதல் எழுத்தும் களிம்பா மெழுகா என்று சொன்னது. நான்கு வருடமாக அந்த எழுத்தைப் படித்துவிட்டுத்தான் ஒவ்வொரு படத்தையும் திறந்திருக்கிறாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சீவலைத் தனியாகப் பிடித்தாள். "அண்ணே, ஒரு உதவி. அறுபது படத்தை எடுத்துப் பேரை அழிச்சிட்டு வெறும் நம்பர் போட்டுக் குடுங்க. எந்த நம்பர் எதுன்னு நீங்க மட்டும் எழுதி வச்சுக்கோங்க. நான் கேட்டாலும் சொல்லாதீங்க."

"என்ன திடீர்னு கண்ணாமூச்சி?"

"அப்புறம் சொல்றேன்."

அவர் வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளும் பேனாவும் எடுக்க எழுந்து போனார்.

அறுபது படத்தையும் பழையபடி கையாலேயே எண்ணினாள். வலது கை வலிக்க ஆரம்பித்ததும் இடது கைக்கு மாறினாள். விசித்திரமாக இருந்தது. பெயர் இல்லாத படத்தைத் திறந்தால், கட்டத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அம்புக்குறி திரையில் அலைந்தது. இத்தனை நாள் அப்படி அலைந்ததே இல்லை. களிம்பு என்று தெரிந்தால் கண் நேராகப் பழுப்பு அடர்ந்த இடத்துக்குப் போகும். 'நல்லா தெரியற இடம்' அதுதான். வெறும் மெழுகு என்றால், குழாய் குறைவான இடம் 'நல்லா தெரியும்'. அவள் ஒருபோதும் ஏமாற்ற நினைத்ததில்லை. கட்டத்துக்குள் இருந்ததை ஒன்றுகூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதுமில்லை. எண்ணியது எல்லாம் சரி. கட்டத்தை வைத்த இடம்தான்.

சீவலின் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். பத்தொன்பதரை. பதினான்கு.

"ஐயோ" என்றார் சீவல் மெதுவாக.

அன்று மாலை பேருந்தில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் இரண்டு நிறுத்தம் நின்றுகொண்டே வந்தாள். அவள் அப்பாவுக்குக் காலில் ஒரு புண் இருந்தது. சர்க்கரை நோய்க்காரர். குதிகாலில் செருப்பு கடித்த சின்னக் காயம், பதினோரு மாதம் ஆறவில்லை. தினமும் காலையில் அவள்தான் கட்டு மாற்றுவாள். மாற்றும்போதெல்லாம், "இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லப்பா" என்பாள். சில நாள் அவளுக்கே அப்படித்தான் தெரியும். கடைசியில் பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. இந்தக் களிம்பு வேலை செய்ய வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது அதனாலா, மேடத்தின் அந்தச் சிரிப்பினாலா, இல்லை வெறும் பழக்கமா என்று யோசித்துப் பார்த்தாள். எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் சீவலண்ணனுக்கும்."

"சொல்லலேன்னா?"

"யாருக்கும் தெரியாது. மேக்ரோ சரியா வரலை மேடம்னு சொன்னா, சரி விடுங்கம்பாங்க."

அவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். "நீ ஏற்கனவே முடிவு பண்ணிட்டே. என்கிட்ட எதுக்குக் கேக்கறே?"

"கேக்கலை. சொல்றேன்."

"அப்ப சரி. நாளைக்கு நானே கொண்டுவந்து விடறேன். பஸ்ல நின்னுக்கிட்டு போக வேண்டாம்."

*

மேடத்தின் அறையில் மாநாட்டுக்கான பெரிய சுவரொட்டி மேசைமேல் விரித்துக் கிடந்தது. நடுவில் இரண்டு தூண்கள் வரைந்திருந்தார்கள். ஒன்று உயரம், ஒன்று குட்டை. அவள் போட்ட ஆயிரத்து எண்ணூறு கட்டங்கள் அந்த இரண்டு தூண்களாகத்தான் நின்றன.

அவள் உட்காராமலேயே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. மேக்ரோ என்ன எண்ணியது, பெயரை மறைத்துத் தானே எண்ணியது எவ்வளவு, இரண்டும் ஏன் ஒத்துப்போகின்றன, பழையது ஏன் ஒத்துப்போகவில்லை. அச்சடித்த தாள்களை மேசையில் வைத்தாள்.

"மேக்ரோல தப்பு இல்ல மேடம். நான் கட்டம் போட்ட இடந்தான் தப்பு."

மேடம் தாள்களைப் புரட்டினார். கடைசித் தாளுக்குப் போய், மறுபடி முதல் தாளுக்கு வந்தார்.

"இதைச் சொல்ல நாலு வருஷம் ஆச்சா உங்களுக்கு?"

"தெரிஞ்சு நாலு நாள்தான் ஆச்சு மேடம்."

"ரெண்டு வாரத்துல நான் மேடையேறணும். தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க போங்க" என்றார் மேடம். குரல் உயரவில்லை.

அன்று முழுக்க அவள் மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கணினியைத் திறக்கவில்லை. மத்தியானம் எழுந்து போய், யாரும் சொல்லாமலே, தொட்டியில் கிடந்த குடுவைகளைக் கழுவ ஆரம்பித்தாள். அந்த வேலைக்கு இப்போது இருந்த பெண் பதறிப்போய், "அக்கா, விடுங்க, நான் செய்யறேன்" என்று வந்தாள். "கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா" என்றாள் கட்டம்மா. எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேடம் தானே அவள் மேசைக்கு வந்தார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரவு சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"பேரை மறைக்காம படத்தைக் குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

அவள் மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"நான்தானே குடுத்தேன்" என்றார் மேடம். "இதெல்லாம் முதல் வருஷப் பாடம். யார் எண்ணறாங்களோ அவங்களுக்கு எதுன்னு தெரியக் கூடாது. எனக்குத் தெரியும். உங்க கண்ணு மேல இருந்த நம்பிக்கையில விட்டுட்டேன். முடிவு நல்லா வரவும் திரும்பிப் பாக்கத் தோணலை." கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பினார். "நேத்து கோவம் வந்தது உங்க மேல இல்ல. கொஞ்சம் உங்க மேலயுந்தான். இன்னைக்கு இல்ல."

"மாநாடு, மேடம்?"

"பேச்சாளர் பட்டியல்லேர்ந்து என் பேரை எடுத்துடச் சொல்லி எழுதிட்டேன். இப்ப அந்த மேக்ரோவை எனக்கு முதல் வரியிலேர்ந்து சொல்லுங்க. எங்கெல்லாம் அதுவும் தப்புப் பண்ணலாம்னு பாக்கணும்."

இரண்டு பேருமாக மத்தியானம் வரை உட்கார்ந்தார்கள். மேடம் கேள்வி கேட்கக் கேட்க, அவள் பதில் சொன்னாள். இரண்டு இடத்தில் பதில் இல்லை, அதைக் குறித்துக்கொண்டாள். மடிப்பைக் கேட்கிற இடத்தில் மேடம் ஒரு திருத்தம் சொன்னார். அவள், "அப்படிப் போட்டா ஓரத்துல இருக்கற குழாயெல்லாம் விட்டுப்போயிரும் மேடம்" என்றாள். மேடம் பார்த்துவிட்டு, "ஆமா, நீங்க சொல்றதுதான் சரி" என்று விட்டுவிட்டார்.

*

எல்லாப் படத்தையும் மறுபடி எண்ணினார்கள். பழைய சீவல்களையே திரும்ப வெளியில் எடுத்து, இன்னும் இருநூறு புதுப் படமும் பிடித்தார்கள். எது களிம்பு எது மெழுகு என்ற பட்டியல் சீவலின் அலமாரியில் பூட்டி இருந்தது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் ஒரு மாதிரி நடை நடந்தார். இத்தனை வருடத்தில் தன்னிடம் ரகசியம் என்று ஒன்றை ஒப்படைத்தது இதுதான் முதல் முறை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ரகசியத்தை மட்டும் சொல்லவில்லை.

ஒரு வருடம் ஓடியது. முடிவு, களிம்பு வேலை செய்கிறது. ஆனால் அவர்கள் நினைத்த அளவுக்கு இல்லை. முதல் வாரத்தில் கொஞ்சம் சீக்கிரமாகக் குழாய்கள் முளைக்கின்றன. இரண்டாம் வாரம் முடியும்போது தடவியதற்கும் தடவாததற்கும் பெரிய வித்தியாசமில்லை. கட்டுரை பெரிய இதழில் வரவில்லை, நடுத்தரமான ஒன்றில் வந்தது. அதில் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை மேக்ரோ எப்படி முடிவு செய்தது, முதலில் கையால் செய்தபோது என்ன பிழை நேர்ந்தது என்று ஒரு முழுப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தை எழுதச் சொன்னது மேடம். அவள் தமிழில் சொல்லச் சொல்ல, மேடம் ஆங்கிலத்தில் எழுதினார். எழுதியவர்கள் வரிசையில் மூன்றாவதாக அவளும், நான்காவதாகச் சீவலும்.

களிம்பைப் பற்றி அந்தக் கட்டுரைக்கு யாரும் கடிதம் எழுதவில்லை. அந்த ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் எழுதினார்கள். எல்லோரும் கேட்டது, மேக்ரோவைத் தர முடியுமா என்று. அவள் ஏழு பேருக்கும் அனுப்பினாள். எட்டாவதாக எழுதியவர், அந்த ஏழு பேரில் ஒருவரிடம் வாங்கிப் பார்த்து, அதில் ஒரு பிழை இருக்கிறது என்று காட்டியிருந்தார். நிஜமாகவே இருந்தது. முடிவை மாற்றுகிற பிழையில்லை, ஆனாலும் பிழை. அவள் அதைத் திருத்தி, ஏழு பேருக்கும் மறுபடி அனுப்பிவிட்டு, எட்டாமவருக்கு நன்றி சொன்னாள். ஒரு நாள் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை; மறுநாள் சரியாகிவிட்டது.

இப்போது அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. குடுவை கழுவப் போவதில்லை, கட்டம் போடுவதுமில்லை. கட்டிடத்தின் மற்ற மாடிகளிலிருந்தும் ஆட்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருகிறார்கள். போன மாதம் மேல்மாடியிலிருந்து செடிகளின் வேரை ஆராய்கிற ஒருவர் வந்தார். வேர் நுனிகளை எண்ண ஒரு மேக்ரோ வேண்டும் என்றார்.

"எந்தெந்த இடத்துல எண்ணணும் சார்?"

"நல்ல பகுதியாப் பாத்து எடுத்துக்கட்டும்."

"நல்ல பகுதின்னா எதுன்னு வரி வரியா எழுதிக் குடுங்க சார். அதுக்குப் புரியற மாதிரி. அப்புறம், வேற யாரையாவது விட்டு இந்தப் படத்தோட பேரெல்லாம் எடுத்துட்டு வெறும் நம்பர் போடச் சொல்லிக் கொண்டாங்க. எது எதுன்னு எனக்கும் தெரிய வேண்டாம், உங்களுக்கும் தெரிய வேண்டாம்."

"எனக்குமா? என்னோட செடிங்க."

"அதனாலதான் சார்."

அவர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். கோபித்துக்கொள்ளப் போகிறாரோ என்றிருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அவள் நீட்டிய தாளில் எழுத ஆரம்பித்தார். இரண்டு வரி எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். நல்ல பகுதி என்றால் எது என்று எழுத அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவள் அவசரப்படுத்தவில்லை. எதிரில் உட்கார்ந்து, வேறொருவரின் படங்கள் திரையில் ஒவ்வொன்றாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.